பொது மரபணு ஆய்வுக்கூடம்: காரைக்குடி வட்டாரக் கல்லூரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் கருவி ஜெனடிக் அனலைசர். எட்டு கேப்பிலரி (மயிரிழைக் கண்ணாடிக் குழாய்) கொண்ட ஜெனடிக் அனலைசரில் ஒரே ஒரு மாதிரியை ஓட்டினாலும் எட்டு கேப்பிலரியும் சேர்ந்துதான் ஓடும். குழாய்க்குள் நிரப்பும் பாலிமரும் எட்டுக்கும் செலவாகும், கேப்பிலரியின் ஆயுளில் ஒரு ஓட்டமும் குறையும். ஒரு துறை தனியாக இந்தக் கருவியை வைத்துக் கட்டுப்படியாகாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். நான்கு துறைகள் ஆளுக்கு இரண்டு மாதிரி கொண்டுவந்தால் அதே ஓட்டத்தில் எல்லாருடைய வேலையும் முடிந்துவிடும்.

செட்டிநாட்டில் இதற்கான ஆள்பலம் உண்டு. காரைக்குடியில் 1985-இல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. செட்டிநாடு என்ற ஊரில் மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையமும், குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டை வரை கலை அறிவியல் கல்லூரிகள் உண்டு. கவுனி அரிசி, நிலக்கடலை, முந்திரி, கண்மாய் மண் என்று ஆய்வுக்கான பொருளும் காலடியிலேயே கிடைக்கிறது. இப்படி நாலைந்து இடத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு கருவிக்கூடத்தை நடத்துவது எப்படி என்பதை இடம் தேர்வதிலிருந்து பார்ப்போம்.

1. கட்டுக் கட்டாக இடம்

செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசலிலிருந்து பின்கட்டு வரை நேர்கோடாகப் போகும். மரபணு ஆய்வுக்கூடமும் அப்படித்தான் அமைய வேண்டும். ஒரே ஒரு வேறுபாடு: வீட்டில் அடுப்படியிலிருந்து முகப்புக்குத் திரும்பி வரலாம், இங்கே வரக்கூடாது.

முதல் கட்டு வினைக்கலவை அறை. இங்கே டிஎன்ஏ எதுவும் நுழையக்கூடாது. நகலெடுக்க வேண்டிய இடத்தைக் காட்டும் ப்ரைமர், நகலெடுக்கும் டாக் என்சைம், தண்ணீர் மட்டும். இரண்டாம் கட்டில் இலையையும் நுண்ணுயிரையும் அரைத்து டிஎன்ஏ பிரிப்பார்கள். மூன்றாம் கட்டில், டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் கருவிகள். நான்காம் கட்டில், டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லும் ஜெனடிக் அனலைசரும். பிசிஆர் முடிந்த குழாயை ஒருமுறை திறந்தால், கண்ணுக்குத் தெரியாத துளியில்கூட லட்சக்கணக்கான நகல்கள் காற்றில் கலக்கும். அதில் ஒன்று முதல் அறையின் தண்ணீர்ப் புட்டியில் விழுந்தால் போதும். மறுநாள் தேவகோட்டையிலிருந்து வருகிறவரின் மாதிரியில், காரைக்குடிக்காரர் முந்தின நாள் பெருக்கிய ஜீன் தெரியும். பொதுக் கூடங்களில் வரும் தகராறுகளில் பல இந்த வகைதான்.

நான்கு அறை கிடைக்காவிட்டால் இரண்டாவது கட்டாயம்: பிசிஆருக்கு முன், பிசிஆருக்குப் பின். ஒவ்வொரு அறைக்கும் தனி பைப்பெட், தனி டிப் பெட்டி, தனிக் கோட்டு. பைப்பெட்டில் வண்ண நாடா ஒட்டிவிடுங்கள். சிவப்பு நாடா பைப்பெட் நீல அறையில் கிடந்தால் யாருடையது என்று விசாரிக்க வேண்டாம், எடுத்து 10 சதவீத ப்ளீச்சால் துடைத்து, பின் தண்ணீரால் துடைத்துவிட்டு அனுப்புங்கள். 70 சதவீத எத்தனால் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது; இதைப் பலர் கவனிப்பதில்லை.

2. மின்சாரம், எர்த், குளிர்

கருவியின் விலையைப் பேசும்போதே யூபிஎஸ் விலையையும் சேர்த்துப் பேசுங்கள். பிசிஆர், ரியல் டைம் பிசிஆர் (நகல் பெருகுவதை அப்போதைக்கப்போது அளப்பது), ஜெனடிக் அனலைசர் மூன்றுக்கும் ஆன்லைன் யூபிஎஸ் வேண்டும். சென்ட்ரிஃப்யூஜ் (குழாயை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி), ஏசி, வாட்டர் பாத் இவற்றை அதே யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் மற்றவை தடுமாறும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய தொல்லை எர்த். செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம் சித்திரை, வைகாசியில் எலும்பாகக் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் குழியின் மின்தடை ஏறும். மழைக்காலத்தில் ஒழுங்காக ஓடிய கருவி கோடையில் காரணமே இல்லாமல் பிழைச் செய்தி காட்டினால், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 2 வோல்ட்டைத் தாண்டினால் குழியைக் கவனிக்க வேண்டும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை ஒருவரின் பொறுப்பாக எழுதியே வையுங்கள்.

ஜெனடிக் அனலைசர் அறை 22 முதல் 25 டிகிரிக்குள், ஏற்ற இறக்கமில்லாமல் இருக்கட்டும். இரவில் ஏசியை அணைத்துக் காலையில் போட்டால் கருவிக்குள் ஈரம் கோக்கும். என்சைம் வைக்கும் மைனஸ் 20 ஃப்ரீசர், வீட்டு ஃப்ரிட்ஜ் போல் தானாகப் பனி நீக்கும் வகையாக இருக்கக்கூடாது. அது பனியைக் கரைக்க அவ்வப்போது உள்ளே சூடேற்றும். டாக் என்சைமும் ப்ரைமரும் ஒவ்வொரு முறையும் பாதி உருகி மறுபடி உறையும்.

3. எதை முதலில் வாங்குவது

பணம் கையில் வந்ததும் ஜெனடிக் அனலைசர் வாங்கிவிட்டு, பைப்பெட் தரச்சோதனைக்குக் காசில்லாமல் நிற்கும் கூடங்கள் உண்டு. வரிசை இப்படி இருந்தால் நல்லது: நல்ல பைப்பெட் மூன்று செட், குளிர் வசதியுள்ள சென்ட்ரிஃப்யூஜ், ஆட்டோகிளேவ், நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட், கிரேடியன்ட் (ஒரே ஓட்டத்தில் பல வெப்பநிலை) உள்ள பிசிஆர் இரண்டு, ஜெல் தொட்டியும் படம் எடுக்கும் பெட்டியும், டிஎன்ஏ அளக்க ஃப்ளூரோமீட்டர், பிறகு ரியல் டைம் பிசிஆர், கடைசியில் ஜெனடிக் அனலைசர். வாங்குவதற்கு முன் மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடிப் பாருங்கள். நாடெங்கும் உள்ள பொது ஆய்வுக் கருவிகள் அதில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பக்கத்து மாவட்டத்திலேயே அனலைசர் இருந்து, மாதத்துக்குப் பத்து மாதிரிதான் உங்களுக்கு வரும் என்றால், பிசிஆர் வரை இங்கே செய்து மீதியை அங்கே அனுப்புவதே புத்திசாலித்தனம்.

4. இலையிலிருந்து டிஎன்ஏ

கருவி தவறு செய்வது அரிது. உள்ளே போகும் டிஎன்ஏதான் தவறாக இருக்கும். ஆகையால் இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

கருப்புக் கவுனியை எடுத்துக்கொள்வோம். அரிசியிலிருந்து டிஎன்ஏ எடுக்க முனையாதீர்கள். கறுப்பு நிறம் தரும் ஆந்தோசயனின் மேல்தோலில் நிறைந்திருக்கும், மாவுச்சத்து வேறு. நெல்லை ஊறவைத்து முளைக்கவிட்டு, 12 முதல் 15 நாள் நாற்றின் இளம் இலையைக் கிள்ளுங்கள். வயலிலிருந்து கொண்டுவருவதானால் இலை எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லுடன் ஜிப் பையில் போடுங்கள். ஒரு நாளில் இலை நொறுங்கும் அளவு காய வேண்டும். பையை வண்டியின் டேஷ்போர்டில் வைத்துக் கொண்டுவந்தால் இலை காய்வதற்கு முன்னே வெந்துவிடும்.

அரைக்க திரவ நைட்ரஜன் சிறந்தது. மாட்டுக்குச் சினை ஊசி போட உறைவிந்து வைத்திருக்கும் கலனில் பார்த்திருப்பீர்களே, அதே நைட்ரஜன்தான். கிடைக்காத நாளில் சிலிக்காவில் காய்ந்த இலையை அப்படியே அரைக்கலாம், பொடியாகும்.

செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளியே கொண்டுவரும் சிடாப் கரைசல் 100 மில்லிக்கு: சிடாப் 2 கிராம், சோடியம் குளோரைடு 8.18 கிராம், 1 மோலார் டிரிஸ் (பிஹெச் 8) 10 மில்லி, 0.5 மோலார் இடிடிஏ (பிஹெச் 8) 4 மில்லி, பீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி 1 கிராம், மீதி தண்ணீர். பீட்டா மெர்காப்டோஎத்தனாலைப் பயன்படுத்தும் அன்று, ஃப்யூம் ஹூட்டுக்குள் வைத்து, மில்லிக்கு 2 மைக்ரோ லிட்டர் சேருங்கள். ஏசி அறையில் வைத்த சிடாப் வெள்ளையாகப் படிந்திருக்கும். கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம், 65 டிகிரியில் வைத்தால் கரைந்துவிடும்.

செய்முறை:

100 மில்லிகிராம் இலையைப் பொடியாக்கி (காய்ந்ததானால் 20 மில்லிகிராம் போதும்), 65 டிகிரிக்குச் சூடாக்கிய சிடாப் 700 மைக்ரோ லிட்டர் ஊற்றுங்கள். 65 டிகிரியில் 45 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள்.

ஆறியதும் அதே அளவு குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் ஆல்கஹால் (24-க்கு 1) சேர்த்து 10 நிமிடம் மெல்லக் கவிழ்த்துக் கலக்கி, 12,000 ஆர்பிஎம்மில் 10 நிமிடம் ஸ்பின் விடுங்கள். இந்த ஸ்பின்னை 4 டிகிரியில் விடாதீர்கள். குளிரில் சிடாப் படிந்து மேல் அடுக்கு கலங்கிவிடும். அறை வெப்பமே சரி.

மேல் அடுக்கில் முக்கால் பங்கை மட்டும் எடுங்கள். நடுவில் நிற்கும் வெள்ளைப் படலத்தை டிப் தொட்டால் புரதம் கூடவே வரும். ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, மறுபடி ஒருமுறை குளோரோஃபார்ம்.

0.7 பங்கு குளிர்ந்த ஐசோப்ரோப்பனால், மைனஸ் 20-இல் 30 நிமிடம், 12,000-இல் 10 நிமிடம். 70 சதவீத எத்தனாலால் இருமுறை கழுவி, காற்றில் உலரவிட்டு, 50 மைக்ரோ லிட்டர் 10 மில்லிமோலார் டிரிஸ் கரைசலில் கரையுங்கள். அடியில் படிந்த டிஎன்ஏ உருண்டையை அளவுக்கு மீறி உலர்த்தினால் கரைய அடம் பிடிக்கும்.

முந்திரி, மா இலைகள் இதே முறைக்கு அடங்காது. அரைத்த கணமே பழுப்பேறும், பீனால் அவ்வளவு. துளிர் இலையாக எடுத்து, பிவிபியை 2 சதவீதமாகவும் மெர்காப்டோஎத்தனாலை மில்லிக்கு 10 மைக்ரோ லிட்டராகவும் கூட்டுங்கள். உருண்டை ஜவ்வரிசிக் கஞ்சி போல வழவழவென்று வந்தால் அது பாலிசாக்கரைடு. திரும்பக் கரைத்து, அரைப்பங்கு 5 மோலார் சோடியம் குளோரைடு சேர்த்து, இரு பங்கு எத்தனாலில் மீண்டும் படியவிடுங்கள். உப்பு மிகுந்த கரைசலில் பாலிசாக்கரைடு மேலே தங்கிவிடும், டிஎன்ஏ மட்டும் இறங்கும்.

5. நுண்ணுயிர்: கடலை வேர் முடிச்சு

பயிற்சிக்கு நிலக்கடலை வேர் முடிச்சைப் போல் தோதான பொருள் வேறில்லை. முடிச்சைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்தைப் பிடிக்கும் உயிருள்ள முடிச்சு. பச்சையோ பழுப்போ ஆனால் விட்டுவிடுங்கள்.

முழு முடிச்சை 70 சதவீத எத்தனாலில் 30 விநாடி, 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 3 நிமிடம் முக்கி, கிருமி நீக்கிய தண்ணீரில் ஆறு முறை அலசுங்கள். ஆறாவது அலசல் தண்ணீரில் ஒரு துளியை நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகத்தில் தடவி வையுங்கள். அதில் ஏதாவது முளைத்தால் முடிச்சின் வெளித்தோல் சுத்தமாகவில்லை. அந்தத் தொகுதி முழுக்கக் கணக்கில் வராது. நசுக்கிய சாற்றை காங்கோ ரெட் கலந்த ஈஸ்ட் மானிட்டால் அகாரில் கோடிட்டு, 28 டிகிரியில் வையுங்கள். கடலை முடிச்சில் பெரும்பாலும் இருப்பது பிராடிரைசோபியம். அது மெதுவாக வளரும், 5 முதல் 10 நாள் ஆகும். இரண்டே நாளில் சிவப்பைக் குடித்துக்கொண்டு தடித்து வளர்ந்து நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் துள்ளுவார்கள். அது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று.

ஒற்றைக் காலனியை 50 மைக்ரோ லிட்டர் தண்ணீரில் கரைத்து 98 டிகிரியில் 10 நிமிடம் வைத்து ஸ்பின் விட்டு, மேல்நீர் 1 மைக்ரோ லிட்டரை பிசிஆருக்கு எடுக்கலாம். தடித்த சுவருள்ள கிராம் பாசிட்டிவ் வகைகள் இதில் உடையாது. அவற்றுக்கு லைசோசைமுடன் 37 டிகிரியில் 30 நிமிடம், அல்லது சிறு மணிகளைப் போட்டு வேகமாகக் குலுக்கி உடைக்கும் முறை. கண்மாய் வண்டலிலிருந்து நேரடியாக டிஎன்ஏ எடுத்தால் டீத் தண்ணீர் நிறத்தில் வரும். அந்த நிறம் ஹ்யூமிக் அமிலம், பிசிஆரை முடக்கும்.

6. அளவு பார்த்தல்

ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் நானோடிராப்பில் 260/280 விகிதம் சுமார் 1.8, 260/230 சுமார் 2 இருந்தால் நல்ல டிஎன்ஏ. முதலது குறைந்தால் புரதம், பின்னது குறைந்தால் பீனால், பாலிசாக்கரைடு, மிஞ்சிய உப்பு. நானோடிராப்புக்கு டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் ஒன்றுதான். அதில் மைக்ரோ லிட்டருக்கு 800 நானோகிராம் என்று காட்டியது, டிஎன்ஏவை மட்டும் அளக்கும் ஃப்ளூரோமீட்டரில் 60 ஆகலாம். கூடத்தில் ஏற்கும் மாதிரிக்கு ஃப்ளூரோமீட்டர் அளவையும் ஜெல் படத்தையும் கட்டாயமாக்குங்கள்.

7. பிசிஆர்

25 மைக்ரோ லிட்டருக்கு, மைக்ரோ லிட்டர் கணக்கில்: 10 மடங்கு பஃபர் 2.5, மெக்னீசியம் குளோரைடு (25 மில்லிமோலார்) 1.5, டிஎன்டிபி (நகலுக்கான நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றும் 10 மில்லிமோலார்) 0.5, இரண்டு ப்ரைமரும் (10 மைக்ரோமோலார்) தலா 0.5, டாக் (மைக்ரோ லிட்டருக்கு 5 யூனிட்) 0.2, டிஎன்ஏ 1, தண்ணீர் 18.3. பஃபரிலேயே மெக்னீசியம் இருந்தால் தனியாக ஊற்றக்கூடாது, லேபிளைப் படியுங்கள். பத்து வினைக்குப் பதினொன்றுக்கான கலவை செய்யுங்கள். டிப்பில் ஒட்டுவது போக மிச்சம் சரியாக இருக்கும்.

பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் ஜீனுக்கு 27எஃப், 1492ஆர் ப்ரைமர்கள்: முதலில் ஒருமுறை 95 டிகிரி 5 நிமிடம்; பிறகு 94-இல் 30 விநாடி, 55-இல் 30 விநாடி, 72-இல் 90 விநாடி, இப்படி 30 சுற்று, கடைசியில் 72-இல் 7 நிமிடம். சுமார் 1,500 எழுத்து இணை நீளமுள்ள பட்டை ஜெல்லில் வரும். பூஞ்சைக்கு ஐடிஎஸ்1, ஐடிஎஸ்4 ப்ரைமர்கள்.

ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்க டிஎன்ஏ இல்லாத தண்ணீர்க் குழாய் ஒன்று, முன்பே வேலை செய்த டிஎன்ஏ ஒன்று. 16எஸ்ஸில் ஒரு சூட்சுமம்: டாக் என்சைமை ஈ. கோலையில்தான் தயாரிக்கிறார்கள், அதன் டிஎன்ஏ துளி கூடவே வரலாம். சுற்றை 35, 40 என்று ஏற்றினால் தண்ணீர்க் குழாயிலும் மங்கலான பட்டை தெரியும். அறையைக் குறை சொல்வதற்கு முன் சுற்றைக் குறைத்துப் பாருங்கள்.

பட்டையே வரவில்லையா? டிஎன்ஏவைப் பத்தில் ஒன்றாக நீர்த்து ஓட்டுங்கள். நீர்த்ததில் பட்டை வந்தால் தடைப்பொருள் இருக்கிறது என்று பொருள். டிஎன்ஏவைக் கூட்டக் கூட்ட நிலைமை மோசமாகும். பிஎஸ்ஏ என்ற புரதத்தை மைக்ரோ லிட்டருக்கு 0.2 முதல் 0.4 மைக்ரோகிராம் சேர்த்தால் பல நேரம் சரியாகும்.

ஜெல்லுக்கு 1.2 சதவீத அகரோஸ், தொட்டியின் இரு மின்வாய் இடைவெளியில் சென்டிமீட்டருக்கு 5 வோல்ட். எத்திடியம் புரோமைடு தொட்ட கையுறையோடு கதவுப்பிடியைத் தொடாதீர்கள். அவ்வளவுதான்.

8. ஜெனடிக் அனலைசர்

வரிசை அறிவதற்கு, சாங்கர் 1977-இல் தந்த முறைதான் இன்றும். வண்ணச் சாயமும் கேப்பிலரியும் பின்னால் வந்து சேர்ந்தவை. பிசிஆர் கலவையில் மிஞ்சிய ப்ரைமரை எக்ஸோ-சாப் என்சைமால் நீக்குங்கள் (37 டிகிரி 15 நிமிடம், 80 டிகிரி 15 நிமிடம்). பிறகு ஒரே ஒரு ப்ரைமருடன், எழுத்துக்கு ஒரு வண்ணச் சாயம் ஒட்டும் பிக்டை வினை: முதலில் ஒருமுறை 96-இல் 1 நிமிடம்; பிறகு 96-இல் 10 விநாடி, 50-இல் 5 விநாடி, 60-இல் 4 நிமிடம், 25 சுற்று. 500 முதல் 1,000 இணை நீளத் துண்டுக்கு 5–20 நானோகிராம், 1,000 முதல் 2,000 வரை 10–40 நானோகிராம். அதிகம் போட்டால் நல்லது என்பது இங்கே செல்லாது.

சாயம் நீக்க, 10 மைக்ரோ லிட்டர் வினைக்கு 125 மில்லிமோலார் இடிடிஏ 2.5, தண்ணீர் கலக்காத எத்தனால் 30 மைக்ரோ லிட்டர். 15 நிமிடம் அறையில் வைத்து, தட்டு சென்ட்ரிஃப்யூஜில் ஸ்பின் விட்டு, 70 சதவீத எத்தனாலில் கழுவி உலர்த்துங்கள். காரைக்குடி வெயிலில் திறந்து திறந்து மூடிய 70 சதவீத எத்தனால் ஒரு மாதத்தில் 70 சதவீதமாக இராது. ஓட்டம் அன்று புதிதாகக் கலக்குங்கள்.

உலர்ந்ததை ஹைடை ஃபார்மமைடு (டிஎன்ஏ இழைகளைப் பிரித்து வைக்கும் கரைசல்) 10 மைக்ரோ லிட்டரில் கரைத்து, 95 டிகிரியில் 3 நிமிடம், உடனே ஐஸ். ஹைடையைச் சிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் அது சிதைந்து ஃபார்மிக் அமிலமாகும், சிக்னல் சாகும். மாதிரி ஐந்துதான் என்றால் அந்த எட்டின் மீதி மூன்று குழியிலும் வெறும் ஹைடை ஊற்றுங்கள். காற்றை உறிஞ்சிய கேப்பிலரி பிழைக்காது. தட்டை ஏற்றும் முன் ஒரு நிமிடம் ஸ்பின் விட்டுக் குமிழை நீக்குங்கள்.

கருவி தரும் படத்தில் எழுத்துக்கு ஒரு வண்ண முகடு இருக்கும். அதைப் படிப்பது: முதல் எழுத்திலிருந்தே இரட்டை முகடு என்றால் காலனி கலப்பு, அல்லது இரண்டு ப்ரைமரும் உள்ளே இருக்கின்றன. நன்றாக வந்து நடுவில் ஓரிடத்துக்குப் பின் குழம்பினால், பெரும்பாலும் அங்கே ஒரே எழுத்து நீண்ட வரிசையாக இருக்கும். 70, 80-ஆவது எழுத்துப் பக்கம் அகன்ற மொத்தை தெரிந்தால் சாயம் நீங்கவில்லை. ஆரம்பத்தில் மலையாக எழுந்து 300-க்குப் பின் சரிந்தால் டிஎன்ஏ அதிகம். ஒரு திசையில் 700, 800 எழுத்துதான் நம்பகமாக வரும். எனவே 16எஸ் முழுவதற்கும் இரு திசையிலும் ஓட்டியாக வேண்டும். பிராடிரைசோபியத்தில் 16எஸ் மட்டும் வைத்து இனப்பெயர் சொல்லிவிடாதீர்கள். நெருங்கிய இனங்களில் அது கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ரெக்ஏ போன்ற இன்னொரு ஜீன் வேண்டும்.

கவுனி போன்ற நெல் ரகங்களைப் பிரித்தறிய எஸ்எஸ்ஆர் குறியீடுகளை (ஒரே சிறு எழுத்துத் தொடர் அடுத்தடுத்து வரும் இடங்கள்; ரகத்துக்கு ரகம் நீளம் மாறும்) இதே கருவியில் நீள அளவாக ஓட்டலாம். ஆர்எம்190 என்ற குறியீடு 6-ஆவது குரோமோசோமில், அமைலோஸ் என்ற மாவுச்சத்தின் அளவைத் தீர்மானிக்கும் வேக்ஸி ஜீனுக்குள் இருக்கிறது. ஒரு ப்ரைமரில் ஃபாம் என்ற ஒளிரும் சாயம் ஒட்டி, பிசிஆர் முடிவில் 60 டிகிரியில் 30 நிமிடம் நீட்டுங்கள். டாக் கடைசியில் ஒட்டும் கூடுதல் ‘ஏ’ எல்லாத் துண்டிலும் ஒட்டிவிடும். இல்லாவிட்டால் ஒரு எழுத்து வித்தியாசத்தில் இரண்டு முகடு தெரியும். உண்மையான முகடுக்கு 2 எழுத்து முன்னால் குட்டி முகடு நிற்பது இயல்பு, அதை இன்னொரு அல்லீலாக (மாற்று வடிவமாக) எண்ணாதீர்கள். முகடு உச்சியில் தட்டையாக முட்டினால் துண்டை 20 மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

பொங்கல் விடுமுறை, மே விடுமுறை என்று கருவியை இரண்டு வாரம் சும்மா விட்டால் கேப்பிலரி முனையில் பாலிமர் உலர்ந்து படிகமாகிவிடும். வாரம் ஒரு ஓட்டமாவது போக வேண்டும், அல்லது முறைப்படி கழற்றி நீரில் முனை நனையச் சேமிக்க வேண்டும்.

9. பேரேடும் கட்டணமும்

பற்று வரவு எழுதாத கடை நிலைக்காது என்பது இந்த ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருவிக்கு ஒரு பேரேடு, ரசாயனத்துக்கு ஒன்று. தேதி, பெயர், ஓட்ட எண், எத்தனை கேப்பிலரி, பாலிமர் திறந்த நாள், பிழைச் செய்தி இருந்தால் அப்படியே எழுத்துக்கு எழுத்து. பிழையை எழுதியதற்காக யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அடுத்த முறை எழுத மாட்டார்கள்.

முன்பதிவு எட்டின் மடங்கில் இருக்கட்டும். தட்டு நிறையும் வரை காத்திருக்கும் ஓட்டத்துக்கு ஒரு கட்டணம். அவசரமாகத் தனியாக ஓட்ட வேண்டுமானால் எட்டுக்கும் அவரே கொடுக்கட்டும். கட்டணத்தில் ரசாயனம், டிப், கேப்பிலரி தேய்மானம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், மின்சாரம் ஐந்தும் சேர வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தை விட்டுவிட்டுக் கட்டணத்தை மலிவாக வைக்கும் கூடம், கருவியின் லேசர் பழுதாகும் அன்று கதவைச் சாத்தும்.

10. ஐந்து நாள் பயிற்சி

ஆறு பேருக்கு மேல் ஒரு தொகுதியில் சேர்க்காதீர்கள். முதல் நாள் முழுக்கப் பைப்பெட் மட்டும்: 100 மைக்ரோ லிட்டர் தண்ணீரைப் பத்து முறை தராசில் எடுக்கச் சொல்லுங்கள், 100 மில்லிகிராமிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அவர்களே எழுதட்டும். இது சலிப்பாகத் தெரியும், ஆனால் மற்ற நான்கு நாளையும் காப்பாற்றுவது இதுதான். இரண்டாம் நாள் கவுனி நாற்று, முந்திரித் துளிர் இரண்டிலும் டிஎன்ஏ. முந்திரியில் பழுப்பு வரட்டும், தடுக்காதீர்கள். மூன்றாம் நாள் பிசிஆரும் ஜெல்லும். முன்கூட்டியே வளர்த்து வைத்த கடலை முடிச்சுக் காலனியிலிருந்து 16எஸ். நான்காம் நாள் பிக்டை வினை, சாயம் நீக்கல், இரவு ஓட்டம். ஐந்தாம் நாள், கருவி தரும் ஏபி1 கோப்பைத் திறந்து, இரு முனையிலும் மோசமான எழுத்தை வெட்டி, இரு திசையையும் இணைத்து, என்சிபிஐ பிளாஸ்டில் (வரிசைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் இணையக் கருவி) தேடல். வெட்டாமல் தேடிய விடையையும் வெட்டிய பின் வந்த விடையையும் பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டுங்கள்.

பயிற்சி முடித்தவர் பிசிஆரைத் தனியாக இயக்கலாம். ஜெனடிக் அனலைசரில் பாலிமர் மாற்றுவது, கேப்பிலரி கழற்றுவது இரண்டும் பொறுப்பாளர் வேலை. பேராசிரியராக இருந்தாலும் அந்த மூடியைத் திறக்கக் கூடாது.

குளோரோஃபார்ம் கழிவை மூடியுள்ள தனிக் கண்ணாடிப் புட்டியில் சேருங்கள், தொட்டியில் ஊற்றாதீர்கள். எத்திடியம் புரோமைடு ஜெல்லுக்குத் தனி வாளி. நுண்ணுயிர்த் தட்டுகள் 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் ஆன பிறகே வெளியே போக வேண்டும். பை நிறையத் திணித்தால் நடுவில் சூடு ஏறாது, பாதி அளவே போடுங்கள்.